ஆண்டவர் சொன்னார் என்று சொல்வதற்கு முன்

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லும் நேரம், அதாவது ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து சொல்லும் நேரம், வந்தால் நான் பின்வரிசையில் போய் இருந்துகொள்வேன். சாட்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றில்லை. "ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்று ஒருவர் தொடங்கியதும் மற்ற எல்லார் வாயும் அடைத்துப் போகிறதே, அதுதான் எனக்கு ஒத்துவருவதில்லை. ஆண்டவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிற ஒரு கணக்கு ரீச்சர் என்ன கேட்க முடியும்? ஆனால் எனக்குக் கேள்வி வரும். எப்போது சொன்னார், எப்படிச் சொன்னார், உங்கள் வீட்டுக்காரருக்கும் சொன்னாரா? வாய்விட்டுக் கேட்டால் விசுவாசம் இல்லாதவள் என்று பெயர் வந்துவிடும். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆண்டவர் வழிநடத்துகிறார் என்று முழுதாக நம்புகிறவள்தான் நான். பரம்பரை மெதடிஸ்த குடும்பம். அம்மா பெரியகல்லாற்றுக்காரி. அவருடைய நடு விரலில் தையல் ஊசித் தழும்பும், முழங்காலில் ஜெபத் தழும்பும் இருந்தன. இரண்டும் ஒரே நிறம். நம்பிக்கை அவரிடமிருந்து வந்தது. கேள்வி கேட்கிற குணமும் அவரிடமிருந்துதான்.

ஒரு கதை சொல்கிறேன். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரைக்கும் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகிற எங்களுக்குப் பாதைதான் கதி. வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக: வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் சில நேரம் மாடுகளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர். மாரி தொடங்கினால் ஆற்றுவாழை என்கிற நீர்க்களை கூட்டமாக வந்து அடைத்துக்கொள்ளும். பாதை நடுவாவியில் நின்றுவிடும். ஒரு கையில் சாறிக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையும் பயிற்சிக் கொப்பிகளுமாக நிற்போம். பாதைக்காரர்கள் நீண்ட கம்பால் ஆற்றுவாழையைத் தள்ளுவார்கள். முதல் பாடம் அங்கே மணியடித்திருக்கும்.

எங்களோடு ஒரு விஞ்ஞான சேர் வருவார். நல்ல மனிசன், ஜெபிக்கிற ஆள். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு காணி விலைக்கு வந்திருந்தது. வாங்குவதா விடுவதா என்று கிழமைக்கணக்கில் குழம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் பாதையில் வைத்து எங்களிடம் சொன்னார்: "நாளைக்கு நாங்க துறைக்கு வரக்குள்ள பாதை இந்தக் கரையில நிண்டா வாங்கச் சொல்றார் எண்டு எடுப்பன். அந்தக் கரையில நிண்டா விட்டிருவன்." அடுத்த நாள் பஸ்ஸை விட்டு இறங்கினோம். பாதை எங்கள் கரையிலேயே நின்றது. சேருக்குக் கண் கலங்கிவிட்டது. பாதைக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "காலையில ரீச்சர்மார் பஸ்ஸால வருவாங்க எண்டு நாங்க எப்பவும் இஞ்சதானே சேர் கொண்டுவந்து விடுற."

காணியை அவர் வாங்கினார். பிறகுதான் அது அண்ணன் தம்பிமாருக்குள் பிரிக்காத பங்குக் காணி என்று தெரிந்தது. வழக்கு இழுத்தது. ஒரு நல்ல நொத்தாரிசிடம் உறுதியைக் காட்டியிருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். சேரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி அதில் மட்டும் விழுகிறதா என்று ஆண்டவரிடம் அடையாளம் கேட்டுப் பார்த்தான் என்று அவர் வேதத்தையே ஆதாரம் காட்டினார். ஆனால் நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். தோலைப் போடும்போது கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். தூதன் வந்து வாயால் சொல்லியாகிவிட்டது. பயத்தில்தான் திரும்பவும் கேட்டான். ஆண்டவர் பொறுமையாக இரண்டு தரமும் பதில் கொடுத்தார். அது ஆண்டவருடைய நல்ல மனசு. காணி வாங்கும் முறையாக நமக்கு அதைத் தந்திருப்பதாக எனக்குப் படவில்லை.

அம்மா இந்த விஷயத்தில் வேறு மாதிரி. எனக்கு முதல் வந்த சம்பந்தம் அக்கரைப்பற்றுப் பக்கம். மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் ஒரு மூத்த ஊழியக்காரரும் வந்து இருந்தார்கள். தேத்தண்ணி குடித்து முடியும் முன்பே அந்த ஊழியக்காரர், "ஜெபத்தில ஆண்டவர் உங்கட மகளைத்தான் காட்டினார்" என்றார். அறைக்குள் இருந்த எனக்கு நெஞ்சு படபடத்தது. அம்மா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "சந்தோசம். எங்களுக்கும் காட்டட்டும், மறுகா பேசுவம்."

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை அம்மா மாமியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்த ஊருக்கே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார். பையனைப் பற்றிப் பிழையாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆண்டவர் காட்டியதில் எங்கள் கல்லடி வீடும் சேர்த்தி என்று அங்கேதான் தெரிந்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம்தான், ஆனால் அந்த வீடு அக்காவுக்கு எழுதியாயிற்று. பேச்சு அதோடு நின்றது. அம்மா அவர்களைப் பற்றி ஒரு நாளும் குறைவாகப் பேசியதில்லை. "அவங்களுக்கு அப்பிடித் தெரிஞ்சிரிக்கும்" என்பார்.

அம்மாவின் அந்தப் பதிலைப் பிறகு நான் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். அது அவநம்பிக்கை இல்லை. ஆண்டவர் இரண்டு பேர் வாழ்க்கையைப் பற்றி ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு மற்றவரை விட்டுவிட மாட்டார் என்கிற நம்பிக்கை அது.

வருடம் பிறக்கிற இரவில் வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதைப் பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. எடுப்பதில் பிழையில்லை. நானும் எடுக்கிறேன், அலுமாரிக் கதவில் ஒட்டுகிறேன். ஆனால் கவனித்திருக்கிறீர்களா, அந்த அட்டைகளில் எல்லாமே ஆசீர்வாதமாகத்தான் இருக்கும். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் ஆண்டவர் சொன்னதுதான். அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை, அச்சடித்தால் யாரும் எடுக்கவும் மாட்டார்கள். அதே ஜனவரியில் எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். 1755இல் ஜோன் வெஸ்லி தொடங்கிவைத்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க மெதடிஸ்தர்கள் வருடத் தொடக்கத்தில் செய்கிறோம். அதில் நாங்கள் எழுந்து நின்று சொல்வது வேறு. இனி நான் எனக்குச் சொந்தமில்லை, எந்த வேலையிலும் வையும், யாரோடும் சேர்த்து வையும், வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைவாக இருந்தாலும் சரி, வெறுமையாக இருந்தாலும் சரி என்கிறோம். சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் என் தொண்டை கொஞ்சம் அடைக்கும். பாதிப் பேர் கொப்பியைப் பார்த்து வேகமாக வாசித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போடுகிற கடிதத்தை வாசிக்காமல் போடுகிற மாதிரி.

ஒதுக்கி வைத்தாலும் சரி என்பதை நான் படுவான்கரையில்தான் கற்றேன். இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் போட்ட கதை நீளம். பிள்ளை சின்னது, மாமியாருக்கு வாதம், விடியப் போனால் பொழுதுபடத்தான் வீடு. காரணம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன். பட்டியல் வரும், என் பெயர் இராது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் டவுனுக்குப் போனார்கள். கோப்பு எந்த மேசையில் நித்திரை கொண்டதோ தெரியாது. சபையில் எல்லாரும் ஒரே மாதிரி ஆறுதல் சொன்னார்கள்: "ஆண்டவர் உங்களை அங்க ஒரு நோக்கத்தோட வச்சிருக்கார்." இருக்கலாம். யாரோ ஒருவரின் அசட்டையும் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகவும் இருக்கலாம். அசட்டைக்கு ஆண்டவரின் பெயரை வைத்துவிட்டால் யாரும் அதைத் திருத்தப் போவதில்லை. ஆகவே ஜெபமும் தொடர்ந்தது, முறைப்பாடும் தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரம் எனக்கு நல்ல துணை. பவுலுக்கு ஆசியாவில் வசனம் சொல்ல ஆவியானவர் தடை போடுகிறார். சரி, பித்தினியாவுக்குப் போவோம் என்று பார்க்கிறார்கள், அதற்கும் விடவில்லை. ஏன் என்று ஒரு வரி விளக்கம் இல்லை. பிறகு துரோவாவில் மக்கெதோனியா மனிதன் ஒருவன் வந்து கூப்பிடுகிற தரிசனம் கிடைக்கிறது. புறப்பட்டுப் போனால் என்ன நடக்கிறது? பிலிப்பியில் அடி விழுகிறது, காலைத் தொழுமரத்தில் மாட்டி உட்காவலில் போடுகிறார்கள். தரிசனம் கண்டு போன ஆளுக்கே இந்த வரவேற்பு. கதவு திறந்தால் ஆண்டவர் சித்தம், மூடினால் சித்தமில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தக் கணக்கு இந்த அதிகாரத்தில் எந்தப் பக்கத்தாலும் சரிவராது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தரம் ஆறில் ஒரு பையன் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்து சேர்ந்தான். கணக்கில் வசனக் கணக்கு வந்தால் தலையைக் குனிந்துவிடுவான். பாதை வரும் வரை பின்னேரங்களில் அவனை வைத்து வாசிக்கப் பழக்கினேன். தமிழ்ப் புத்தகம் வேண்டாம் என்றான், பசளைப் பையில் இருக்கிற எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டான். சரி, பசளைப் பையில் தொடங்கினோம். அவனுக்காகத்தான் ஆண்டவர் என்னை அங்கே வைத்தார் என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் அவன் தரம் எட்டோடு படிப்பை விட்டுவிட்டு மாட்டுப்பட்டிக்குப் போய்விட்டான். இப்போது கொக்கட்டிச்சோலைப் பக்கம் ரோட்டோரம் தயிர் விற்கிறான். பலகையை அவனே எழுதியிருக்கிறான். 'தயிர்' சரி, 'விற்பனைக்கு' பிழை. பிழையைச் சொன்னேன், "விளங்குதுதானே ரீச்சர்" என்றான்.

எங்கள் பட்டணத்துச் சபையின் தொடக்கமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. வில்லியம் ஓல்ட் ஐயாவைப் பற்றி மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரியும். 1814இல் வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவர். கூட்டிக்கொண்டு வந்த தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலில் கப்பலிலேயே இறந்துபோனார். ஓல்ட் ஐயாவின் மனைவியும் அதே பயணத்தில் இறந்தார். காலியில் வந்து இறங்கியவர்கள் இடங்களைப் பிரித்துக்கொண்டபோது அவருக்கு மட்டக்களப்பு வந்தது. வந்து ஒரு வருடம் முடியவில்லை, 1815இல் அவரும் போய்விட்டார். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் 1814ஐத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. விழாப் பிரசங்கங்களில் இதை வைத்து "பார்த்தீர்களா, ஆண்டவரின் திட்டம்" என்று முடிப்பார்கள். இருநூறு வருடம் கழித்து நின்று பார்க்கிற நமக்கு அப்படிச் சொல்வது சுலபம். மனைவியைக் கடலில் விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஊரில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பித்த மனிசனுக்கு அது ஒன்றும் தெரியாது. அன்றைக்கு முன்னால் இருந்த பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், அவ்வளவுதான்.

இனி எழுதக் கஷ்டமான பகுதி.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாங்கள் எங்கள் கோயிலில் இருந்தோம். சத்தம் கேட்டது. ட்ரான்ஸ்போமர் வெடித்ததாக்கும் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். பிறகு போன்கள் அடிக்கத் தொடங்கின. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்கள் கிட்டத்தட்ட முப்பது பேர், அதில் பாதிக்குக் கிட்டப் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்றவர்கள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் கேட்ட சாட்சிகளைத்தான் சொல்ல வந்தேன். "அண்டைக்கு அங்க போக இருந்தனான், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திட்டு, ஆண்டவர் தடுத்திட்டார்." ஒரு கூட்டத்தில் ஒரு தங்கச்சி இதை அழுதுகொண்டு சொன்னார். மனசார நன்றி சொன்னார், அதில் பொய்யில்லை. ஆனால் அதே அறையில், அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். கையில் இருந்த பாட்டுத் தாளை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தார். இனி மடிக்க முடியாது என்ற அளவுக்கு வந்த பிறகும் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொடுத்துக் காப்பாற்றின ஆண்டவர் மற்றப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை? அந்தத் தங்கச்சி அப்படிக் கேட்க நினைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வேறு எப்படிக் கேட்டிருக்கும்?

சுனாமிக்குப் பிறகும் இதே பேச்சு இருந்தது. 2004 டிசம்பர் 26உம் ஞாயிற்றுக்கிழமைதான். கோயிலுக்குப் போனதால் தப்பியவர்களும் உண்டு, கோயிலுக்குப் புறப்பட்டதால் அகப்பட்டவர்களும் உண்டு. லூக்கா பதின்மூன்றில் சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் மற்ற எல்லாரையும் விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்கிறார். தப்பினவன் நீதிமான் என்று அவர் சொல்லவில்லை. அவன் தப்பினதற்குக் காரணமும் சொல்லவில்லை. தப்பின நாளில் முழங்காலில் நின்று நன்றி சொல்லலாம். அதைக் கதவைப் பூட்டிக்கொண்டு சொல்லலாம் என்பது என் கட்சி.

அன்றைக்குச் சீயோன் தேவாலய வாசலில் குண்டோடு வந்த ஆளைக் கண்டு, பையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் பேசி நிறுத்தி வைத்த ஒரு தகப்பனைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அவரும் இறந்துபோனார். அவருக்கு அன்று காலை தரிசனம் ஏதும் வந்ததாக யாரும் எழுதவில்லை. கோயிலுக்கு வருகிற புது ஆளை எதிர்கொண்டு போய் யார் என்று விசாரிப்பது அவருக்குப் பழக்கமாக இருந்திருக்கும். வழிநடத்துதல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருகிறவர் அவர்.

எனக்கு உள்ளே ஒரு தள்ளல் வருவதே இல்லையா என்று கேட்டால், வரும். மாலையில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது ஓய்வுபெற்ற ஒரு பழைய ரீச்சரின் வீட்டைக் கடப்பேன். தனி ஆள், பிள்ளைகள் கனடாவில். சில நாள் "போய்ப் பார்" என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லும். போவேன். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. அவ டீவி பார்த்துக்கொண்டிருப்பா. தேத்தண்ணி போடுவா, பென்சன் குறைந்ததைச் சொல்லுவா, என் மீனைப் பூனை முகர்ந்து பார்க்கும், வந்துவிடுவேன். விழுந்து கிடந்தா, நான் போய்த் தூக்கினேன் என்று சொல்ல ஒரு கதையும் இல்லை. இந்த மாதிரிச் சத்தத்தை மட்டும் நான் பெரிதாகச் சோதித்துப் பார்ப்பதில்லை. தனியே இருக்கிறவரைப் போய்ப் பார்ப்பது எந்த நாளிலும் வேதத்துக்கு விரோதமாகாது. காணி வாங்கு, கல்யாணம் பண்ணு, காசு கொடு என்று சொல்கிற சத்தத்தைத்தான் இரண்டு தரம் விசாரிப்பேன்.

இப்போது வீட்டிலேயே ஒரு விசாரணை நடக்கிறது. சின்னவன் உயர்தரம் முடித்து மின்னியல் வேலை பழகினவன். போன மாதம் கூட்டாளி ஒருவனோடு ஒரு உபவாசக் கூட்டத்துக்குப் போனான். வெளியூரில் இருந்து வந்த ஊழியக்காரர் தலையில் கை வைத்து, "நீ கடலைக் கடந்து போவாய்" என்று சொன்னாராம். மகன் முகம் நிறைய வெளிச்சத்தோடு வந்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. மட்டக்களப்பில் இருபத்துமூன்று வயதுப் பையனிடம் கடலைக் கடப்பாய் என்று சொல்வதற்கு எவ்வளவு தரிசனம் வேண்டும்? இந்தக் கரையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எத்தனை இருக்கிறது? ஆனால் அந்த ஊழியக்காரரைப் பொய்யர் என்றும் நான் சொல்லவில்லை. ஆண்டவர் அவர் மூலமாகவும் பேசலாம், வேதத்தில் ஒரு கழுதை மூலமாகவும் பேசியிருக்கிறார்.

அடுத்த கிழமையே ஒரு ஏஜென்சி ஆளின் இலக்கம் வந்துவிட்டது. கட்டாரில் வேலை, முற்பணம் கட்ட வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும், கெதியாக. மகன் சொல்கிறான், "அம்மா, ஆண்டவர்தானே வழி திறந்திருக்கார்." வீட்டுக்காரர் "போகட்டும் விடு" என்கிறார். நான் அம்மாவின் பதிலைச் சொன்னேன். எனக்கும் காட்டட்டும்.

மூன்று பேரும் ஒன்றாக ஜெபித்தோம். அதோடு வேறு சிலதும் செய்தோம். கட்டாரில் இருந்து திரும்பி வந்த என் பழைய மாணவன் ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, அறையில் எத்தனை பேர், சம்பளம் எந்தத் தேதியில் வரும், வெயிலில் எத்தனை மணி வரை வேலை என்று கேட்டோம். மகன்தான் அதிகம் கேட்டான், அது நல்லது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஆள் அனுப்ப முடியாது. அந்த ஏஜென்சியின் இலக்கத்தைப் பணியகத்தின் பட்டியலில் பார்க்கச் சொன்னேன், பார்க்கிறேன் என்றிருக்கிறான். அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்று நீதிமொழிகளில் இருக்கிறது. அதையும் ஆண்டவர் சொன்னதாகத்தான் நான் எடுக்கிறேன்.

புதன்கிழமை ஏஜென்சிக்குப் போகிறோம். என் டயரியில் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன்: ஒப்பந்தம் தமிழில் கிடைக்குமா, முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்களா, அங்கே பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், இடையில் திரும்பி வந்தால் டிக்கெட் யார் செலவு. நான் கூட வருவது மகனுக்கு வெட்கமாக இருக்கிறதாம். இருக்கட்டும். காலை ஏழே முக்கால் பஸ்.